கடைசி இடத்திலிருந்து ஓர் அழைப்பு

ஜெயிக்கிற அணி பயிற்சியாளரைத் தேடுவதில்லை. கால்பந்தில் தலைமைப் பயிற்சியாளர் பதவி காலியாவது பெரும்பாலும் தொடர் தோல்விகளுக்குப் பிறகுதான். நவம்பரிலோ பிப்ரவரியிலோ ஒருவருக்குத் தொலைபேசி வருகிறது. மறுமுனையில் இருப்பது புள்ளிப் பட்டியலின் அடியில் கிடக்கும் ஒரு கிளப். முந்தைய ஆளை நேற்று அனுப்பிவிட்டார்கள், சனிக்கிழமை ஆட்டம், நாளைக்குள் பதில் வேண்டும். இந்தத் தொழிலில் வேலை பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கிறது.

ஆகவே தோற்கும் அணிக்குப் போகலாமா, கூடாதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. கூடாது என்று முடிவுகட்டினால் பெரும்பாலான பயிற்சியாளர்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அணி எதனால் தோற்கிறது, அந்தக் காரணத்தின் மீது கைவைக்கப் புதிய ஆளுக்கு அதிகாரம் உண்டா, அது பலன் தரும்வரை அவரை விட்டுவைப்பார்களா என்பவைதான் கேட்க வேண்டியவை. எத்தனை ஆட்டம் தோற்றார்கள் என்ற கணக்கு இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாது. இருந்தும் எல்லோருடைய கண்ணும் அந்தக் கணக்கில்தான் போய் நிற்கிறது.

முதலில் ஆய்வாளர்கள் கண்டதைப் பார்ப்போம். நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கை வைத்து அலார்ட் ப்ரூயின்ஸ்ஹூஃப்ட், பாஸ் தெர் வேல் இருவரும் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சரிவில் பயிற்சியாளரை மாற்றிய அணிகளையும், அதேபோலச் சரிந்தும் மாற்றாமல் பொறுத்திருந்த அணிகளையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இரண்டு வகை அணிகளும் மீண்டன. பொறுத்திருந்த அணிகள் மீண்ட வேகம் சற்றும் குறைவாக இல்லை. ஒரு சரிவின் அடிமட்டத்தில் அதிர்ஷ்டக் குறைவும் காயங்களும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அவை தாமாகவே கலைந்துபோகும். புதிய பயிற்சியாளர் வந்ததும் முடிவுகள் திரும்புகின்றன என்று நாம் நம்புவதில் பெரும்பங்கு இந்த இயல்பான மீட்சிக்கே உரியது.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்தில் 1997 முதல் 2010 வரையிலான மாற்றங்களை ஸ்காட் அட்லர், மைக்கேல் பெர்ரி, டேவிட் டோஹர்ட்டி மூவரும் ஆராய்ந்தார்கள். மிக மோசமாகத் தோற்ற அணிகளுக்குப் பயிற்சியாளர் மாற்றத்தால் பெரிய வேறுபாடு இல்லை. நடுத்தரமாக ஆடிய அணிகளோ பயிற்சியாளரை மாற்றிய பின், மாற்றாத ஒத்த அணிகளைவிடக் கீழே போயின. இந்த முடிவு கிளப் நிர்வாகிகளுக்கான எச்சரிக்கையாகவே பேசப்படுகிறது. வேலை தேடும் பயிற்சியாளர் இதை வேறு கோணத்தில் படிக்க வேண்டும். சுமாரான அணிக்குப் போனால் ஆபத்து குறைவு, அடிமட்ட அணிக்குப் போனால் பெயர் கெடும் என்ற வழக்கமான நினைப்பை இந்த ஆய்வு ஆட்டம் காண வைக்கிறது. அடிமட்ட அணியில் அவர் கெடுப்பதற்கு அதிகம் மிச்சமில்லை. சுமாரான அணியில்தான் எதிர்பார்ப்பு உயரமாகவும் திருத்த இடம் குறைவாகவும் இருக்கிறது.

இன்னொரு எண் இதைவிடக் கடுமையானது. 1978 முதல் 1997 வரை 40 ஆங்கிலக் கிளப்புகளைக் கணக்கிட்ட பொருளாதார அறிஞர் ஸ்டீஃபன் சைமான்ஸ்கி, லீக் இடங்களில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 92 சதவீதத்தை வீரர்களின் சம்பளச் செலவே விளக்கிவிடுகிறது என்று கண்டார். ஓர் ஆண்டை மட்டும் எடுத்தால் இந்தப் பிடி தளரும். நீண்ட காலத்துக்கு எடுத்தால் இறுகும். அதாவது 20 அணிகள் ஆடும் லீக்கில் சம்பளச் செலவில் 18-வதாக இருக்கும் கிளப் 18-வது இடத்தில் இருந்தால் அது சரிவு ஆகாது. அதன் இயல்பான இருப்பிடமே அதுதான். சம்பளத்தில் 9-வதாக இருந்துகொண்டு 18-வது இடத்தில் கிடக்கும் கிளப்பில்தான் ஒரு பயிற்சியாளர் சரிசெய்யக்கூடிய கோளாறு இருக்கிறது. அழைப்பு வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய ஏடு சம்பளப் பட்டியல்.

அடுத்து, ஆட்டத்தையே பார்க்க வேண்டும். 2015 பிப்ரவரித் தொடக்கத்தில் யூர்கன் குளோப்பின் டோர்ட்மண்ட் ஜெர்மன் லீக்கில் கடைசி இடத்தில் இருந்தது. லிவர்பூல் கிளப்பின் ஆய்வுப் பிரிவை நடத்திய இயன் கிரஹாம் அந்தப் பருவத்தை ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துப் பார்த்தார். கோல் வாய்ப்புகளின் தரத்தை வைத்துக் கணக்கிட்டால், அந்த அணி தன் இடத்தைவிட மிக நன்றாக ஆடியிருந்தது. பந்து உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். பருவ முடிவில் டோர்ட்மண்ட் 7-வது இடத்துக்கு ஏறியது. குளோப் விலகினார், சில மாதங்களில் லிவர்பூல் அவரை அழைத்துக்கொண்டது. தோல்விக்குள் மறைந்திருக்கும் நல்ல ஆட்டத்தை ஒரு கிளப் தேட முடியுமானால், அழைக்கப்படும் பயிற்சியாளரும் தேடலாம். கடைசி 15 ஆட்டங்களின் முழுப் பதிவையும் பார்க்காமல் சம்மதம் சொல்பவரை எனக்குப் புரிந்துகொள்ள முடிவதில்லை. இரண்டு இரவுகள் உறக்கம் கெடும். இரண்டு ஆண்டுகள் மிஞ்சும்.

ஒரே மனிதர் வெவ்வேறு அணிகளில் எப்படி மேதையாகவும் தோற்றவராகவும் தோன்றுகிறார் என்பதற்கு கிளாடியோ ரனியேரியைப் பார்க்கலாம். 2015 கோடையில் அவர் லெஸ்டருக்கு வந்தார். முந்தைய பருவத்தில் மாதக்கணக்கில் கடைசி இடத்தில் இருந்து, நைஜல் பியர்சன் கையில் கடைசி 9 ஆட்டங்களில் 7-ஐ வென்று 14-வது இடத்தில் முடித்த அணி அது. ஏறத் தொடங்கிவிட்ட அணி. வார்டியும் மாஹ்ரெஸும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். அந்தக் கோடையில் கான்டே சேர்ந்தார். சூதாட்ட நிறுவனங்கள் 5,000-க்கு 1 என்று விலை வைத்த அணி, 81 புள்ளிகளோடு சாம்பியன் ஆனது. அதே ரனியேரி 2018 நவம்பரில் பிரிமியர் லீக்கின் கடைசி இடத்தில் இருந்த ஃபுல்ஹாமுக்குப் போனார். அந்தக் கோடையில் 10 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டி, ஒன்றோடொன்று பொருந்தாத வீரர்களை வாங்கி வைத்திருந்த கிளப். மூன்றரை மாதத்தில் வெளியே அனுப்பினார்கள். 2021 அக்டோபரில் வாட்ஃபோர்ட். பயிற்சியாளர்களை அடிக்கடி மாற்றுவதற்குப் பெயர் பெற்ற கிளப் அது. நான்கு மாதம்கூட நீடிக்கவில்லை. 2023 ஜனவரியில் இத்தாலியின் இரண்டாம் பிரிவில் நடுப்பகுதியில் தத்தளித்த கலியாரிக்குப் போனார். 30 ஆண்டுகளுக்கு முன் தன் பெயரை உருவாக்கிக்கொண்ட ஊர். அந்த அணியை மேலே ஏற்றினார், அடுத்த பருவத்தில் மேலேயே நிறுத்தினார். அவருடைய வயதும் அனுபவமும் இந்த நான்கு இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அவர் கீழே நின்ற தரைதான் மாறிக்கொண்டிருந்தது.

அந்தத் தரையைப் பற்றிப் பேச சண்டர்லேண்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. வடகிழக்கு இங்கிலாந்தின் ஒருகாலத்தில் கப்பல் கட்டிய அந்த நகரத்துக் கிளப்பில் 2013 முதல் 2017 வரை ஐந்து பயிற்சியாளர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒரே வேலைக்கு வந்தார்கள்: மூழ்காமல் காப்பாற்று. 2013 மார்ச் இறுதியில் பாவ்லோ டி கானியோ வந்தார். பரம எதிரியான நியூகாசிலை அதன் மண்ணிலேயே 3-0 என்று வீழ்த்தினார், அணி தப்பியது. அடுத்த பருவத்தில் ஐந்து லீக் ஆட்டங்களில் ஒரே புள்ளி. செப்டம்பரில் வேலை போனது. குஸ் போயெட் வந்தார். 2014 ஏப்ரலில் அணி கடைசி இடத்தில், மீள வழியே இல்லை என்று எல்லோரும் எழுதிவிட்ட நிலை. அங்கிருந்து மான்செஸ்டர் சிட்டியில் டிரா, செல்சியின் மண்ணில் வெற்றி, மான்செஸ்டர் யுனைடெட்டின் மண்ணில் வெற்றி. ஜோஸே மொரீனியோ செல்சியில் லீக் ஆட்டங்களில் சொந்த மைதானத்தில் தோற்றதே இல்லை என்ற சாதனை அந்தச் செல்சி ஆட்டத்தில்தான் உடைந்தது. சண்டர்லேண்ட் 14-வது இடத்தில் முடித்தது. 2015 மார்ச்சில் போயெட்டையும் அனுப்பினார்கள். டிக் அட்வோகாட் 9 ஆட்டங்களுக்கு வந்து, ஆர்சனலில் கோலில்லா டிராவோடு அணியைக் காப்பாற்றி, மைதானத்திலேயே கண்ணீர் விட்டார். ஓய்வு பெறுவதாக இருந்தவர் திரும்பி வந்தார். அடுத்த பருவத்தில் 8 லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாமல் அக்டோபரில் விலகினார். பிறகு சாம் அலர்டைஸ், 17-வது இடத்தில் மறுபடி தப்பியது. பிறகு டேவிட் மோய்ஸ். 2017-ல் 24 புள்ளிகளோடு கடைசி இடம், கீழ்ப் பிரிவுக்குத் தரமிறக்கம்.

இந்த ஐவரில் நால்வர் கொடுத்த வேலையைச் செய்து முடித்தவர்கள். வீர சாகசம் என்றே அவர்களைப் பற்றி எழுதினார்கள். ஆனால் ஒவ்வொரு மீட்பும் அடுத்த ஆண்டின் சரிவைத் தள்ளிப்போட்டது, அவ்வளவே. புதிய பயிற்சியாளருக்காக அவசரமாக வீரர்களை வாங்கினார்கள். அடுத்தவருக்கு அவர்கள் பிடிக்கவில்லை. சம்பளச் சுமையும் கடனும் மட்டும் தங்கின. அந்தக் கிளப்பின் நோய் களத்தில் இல்லை, வீரர்களைத் தேர்ந்தெடுத்து வாங்கும் அறையில் இருந்தது. அந்த அறைக்குள் எந்தப் பயிற்சியாளரையும் முழுமையாக விடவில்லை.

அலர்டைஸ் சற்று விலக்கு. 2016 ஜனவரி வர்த்தக காலத்தில் கிர்ஷ்ஹாஃப், கஸ்ரி, கோனே என்று தனக்குத் தேவையான மூவரை அவரால் கொண்டுவர முடிந்தது. அவர்களை வைத்துத்தான் தப்பித்தார். இதே அலர்டைஸ் 2023 மே மாதம் லீட்ஸ் அணிக்கு, நான்கே ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது போனார். வீரர்களை வாங்கும் காலம் எப்போதோ மூடிவிட்டது. மூன்று தோல்வி, ஒரு டிரா, தரமிறக்கம். காப்பாற்றுவதில் கைதேர்ந்தவர் என்று 20 ஆண்டுகளாகச் சேர்த்த பெயரை வைத்து விளையாடத் தகுந்த பந்தயமாக அது எனக்குப் படவில்லை. நான்கு ஆட்டங்களில் எந்த மனிதரும் ஓர் அணியைப் பயிற்றுவிக்க முடியாது; உற்சாகப்படுத்த மட்டுமே முடியும்.

சண்டர்லேண்டின் கதையில் மிகவும் நோகடிப்பது பின்னர் வந்த ஒருவரின் அனுபவம். வேல்ஸ் நாட்டை 2016 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதிவரை கொண்டுபோன கிறிஸ் கோல்மன், 2017 நவம்பரில் அந்த வேலையை விட்டுவிட்டு இரண்டாம் பிரிவின் அடியில் கிடந்த சண்டர்லேண்டை ஏற்றார். உரிமையாளர் எல்லிஸ் ஷார்ட் கிளப்பை விற்றுவிட்டுப் போகப் பார்த்துக்கொண்டிருந்தார். பணம் வராது என்பது ஊரறிந்த செய்தி. கோல்மன் உழைத்தார், ரசிகர்கள் அவரை நேசித்தார்கள், அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. கிளப் கைமாறிய அன்றே அவருடைய வேலையும் போனது. அவர் சம்மதித்தது துணிவால்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உரிமையாளர் வெளியேறிக்கொண்டிருக்கும் கிளப்பில் பயிற்சியாளருக்கு முதலாளியே இல்லை. வாக்குறுதி கொடுத்தவர் வேறு, அதை நிறைவேற்ற வேண்டியவர் வேறு. தோற்கும் அணிகளில் எதையாவது கண்டிப்பாக மறுக்க வேண்டுமென்றால், விற்பனைக்கு நிற்கும் கிளப்பைத்தான் சொல்வேன்.

அதே ஊர், அதே மைதானம், 2024. இப்போது உரிமையாளர் கிரில் லூயி-டிரேஃபுஸ். இளம் வீரர்களை வாங்கி வளர்ப்பது என்ற ஒரே வழியில் கிளப் சில ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. அணி இரண்டாம் பிரிவில் 16-வது இடத்தில் முடித்திருந்தது. அவர்கள் அழைத்தது ரெஜிஸ் லெ ப்ரி என்ற பிரெஞ்சுக்காரரை. அவருடைய லோரியாங் அணி அப்போதுதான் பிரெஞ்சு முதல் பிரிவிலிருந்து இறங்கியிருந்தது. தோற்ற அணி ஒன்று, தோற்ற பயிற்சியாளர் ஒருவரைத் தேடிப் பிடித்தது. இளைஞர்களை வளர்ப்பதில் அவருக்கு நீண்ட அனுபவம் இருந்தது. கிளப் போகும் திசைக்கு அது பொருந்தியது. 2025 மே மாதம் வெம்ப்ளியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 2-1 என்று வென்று, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு சண்டர்லேண்ட் பிரிமியர் லீக்குக்குத் திரும்பியது. தோல்விக் கணக்கு கிளப்பையும் சரியாக அளக்கவில்லை, பயிற்சியாளரையும் சரியாக அளக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் கடைசியில் வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளுகிறார்கள். தொலைக்காட்சிப் பணம் போகும், நல்ல வீரர்கள் போவார்கள். அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக்கில் நிலைமை நேர் எதிர். அங்கே தரமிறக்கம் கிடையாது. கல்லூரியிலிருந்து வரும் இளம் வீரர்களைத் தேர்வு செய்யும்போது கடைசி அணிக்கே முதல் உரிமை. சம்பளச் செலவுக்கும் எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு. அதனால் அங்கே தோற்கும் அணிக்குப் போவது தொழில்ரீதியாக விவேகமான முடிவாகவே இருக்க முடியும், காத்திருக்க விட்டால். பில் வால்ஷ் 1979-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தபோது முந்தைய பருவத்தில் அணி 16-ல் 2 ஆட்டம் வென்றிருந்தது. அவருடைய முதல் ஆண்டிலும் அதே இரண்டுதான். அடுத்த ஆண்டு 6. இரண்டாம் ஆண்டில் மயாமியில் தோற்றுத் திரும்பும் விமானத்தில் தான் உடைந்து அழுததையும், விலகிவிட முடிவெடுத்ததையும் அவரே பிற்காலத்தில் எழுதினார். மூன்றாம் பருவத்தின் முடிவில், 1982 ஜனவரியில், சூப்பர் பவுல் கோப்பை. அவருக்குக் கிடைத்தவை இரண்டு: வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம், உரிமையாளரின் பொறுமை. அந்த வெற்றியில் அணியை நடத்திய ஜோ மொன்டானாவை மூன்றாம் சுற்றில், 82-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது அந்த முதல் தோல்வி ஆண்டில்தான்.

டெட்ராய்ட் அணி 2021-ல் டான் கேம்பெல்லுக்கு ஆறாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. முதல் 11 ஆட்டங்களில் வெற்றியே இல்லை. இரண்டாம் பருவமும் ஒரு வெற்றி, ஆறு தோல்வி என்றுதான் தொடங்கியது. சாதாரண கிளப்பில் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். 2023-ல் 12 வெற்றி, 2024-ல் 15. ஆறாண்டு என்று தாளில் எழுதியிருந்தது வெறும் பண விஷயமாக இருக்கவில்லை. இந்த ஆள் தோற்பார், தோற்கும்போதும் இங்கேதான் இருப்பார் என்று வீரர்களுக்கு அது சொல்லிவிட்டது. பயிற்சியாளர் டிசம்பரில் போய்விடுவார் என்று நினைக்கும் வீரன் அக்டோபரிலேயே அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகிறான்.

கிளீவ்லேண்டில் ஹியூ ஜாக்சனுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். 2016-ல் ஒரே வெற்றி, 2017-ல் 16 ஆட்டமும் தோல்வி. நிர்வாகம் இன்றைய நல்ல வீரர்களைவிட நாளைய தேர்வு உரிமைகளைச் சேர்ப்பதில் குறியாக இருந்தது. நட்சத்திரமாகும் வாய்ப்புள்ள ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யக் கிடைத்த உரிமைகளையே பிற அணிகளுக்கு மாற்றிக் கொடுத்தது. களத்தில் அதன் விலையைக் கொடுத்தவர் பயிற்சியாளர். மொத்தம் 3 வெற்றி, 36 தோல்வி, 1 டிரா என்ற கணக்கோடு 2018-ல் நீக்கப்பட்டார். சேர்த்த உரிமைகளின் பலன் அடுத்து வந்தவர்களுக்குக் கிடைத்தது. நிர்வாகம் இந்த ஆண்டே வெல்ல விரும்புகிறதா, மூன்றாண்டு கழித்து வெல்ல விரும்புகிறதா என்று நேரடியாகக் கேட்டு எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எளிது. ஜாக்சன் கருப்பினத்தவர். அங்கே தலைமைப் பயிற்சியாளர் பதவி கருப்பினத்தவருக்கு அபூர்வமாகவே கிடைக்கிறது. மறுத்தால் இன்னொரு அழைப்பு வரும் என்ற உத்தரவாதம் அவருக்கு இருக்கவில்லை.

இது தனி மனிதர் கதையோடு நிற்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை ஆராய்ந்த அலிசன் குக், கிறிஸ்டி கிளாஸ் இருவரும், சிறுபான்மையினப் பயிற்சியாளர்கள் தோற்கும் அணிகளுக்கே அதிகம் நியமிக்கப்படுவதையும், அவர்களால் மீட்க முடியாதபோது அந்த இடத்துக்குப் பெரும்பாலும் வெள்ளையரே வருவதையும் எடுத்துக் காட்டினார்கள். என்எஃப்எல் லீக்கின் ஹூஸ்டன் அணி 2021-ல் டேவிட் கல்லியையும் 2022-ல் லவி ஸ்மித்தையும் தலா ஒரே பருவத்தில் அனுப்பியது. இருவரும் கருப்பினத்தவர், இருவருக்கும் கொடுக்கப்பட்டது வெல்வதற்காகக் கட்டப்படாத அணி. 2023-ல் மற்றொரு கருப்பினத்தவரான டெமெகோ ரயன்ஸ் வந்தபோது ஆறாண்டு ஒப்பந்தமும், தேர்வில் இரண்டாம் இடத்தில் எடுத்த சி.ஜே. ஸ்ட்ரவுடும் கூடவே வந்தார்கள். முதல் ஆண்டிலேயே 10 வெற்றி. முன்னவர் இருவரையும்விட அவர் திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் அந்த ஒப்பீட்டை நியாயமாகச் செய்ய வழியே இல்லாமல் போனதுதான் அநீதி. ‘நல்ல நிபந்தனை இல்லையென்றால் மறுத்துவிடு’ என்ற அறிவுரை எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்வதும் அதற்கு உட்பட்டதே.

நம் பக்கம் வருவோம். இந்தியாவின் ஐஎஸ்எல் கால்பந்து லீக்கில் பெரும்பாலான ஆண்டுகளில் தரமிறக்கம் இருந்ததில்லை. 2019 டிசம்பரில் சென்னையின் எஃப்சி, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் காயிலை அழைத்தது. முந்தைய பருவத்தில் கடைசி இடம். புதிய பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி. முந்தைய பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகியிருந்தார். காயில் தோற்கும் அணிகளை நன்கு அறிந்தவர். தான் பிரிமியர் லீக்குக்கு ஏற்றிய பர்ன்லியை 2010-ல் விட்டுவிட்டு, தரமிறக்க விளிம்பில் நின்ற போல்ட்டனுக்குப் போய் அதைக் காப்பாற்றியவர். 2012-ல் ஆட்டத்தின் நடுவே போல்ட்டன் வீரர் ஃபப்ரீஸ் முவாம்பாவின் இதயம் நின்றபோது அவரோடு மருத்துவமனைக்குப் போனதும் காயில்தான். ஹோல்டன், லீ சுங்-யோங் என்று நடுக்களமே காயத்தில் விழுந்த அந்தப் பருவத்தில், ஒரே ஒரு புள்ளிக் குறைவால் போல்ட்டன் இறங்கியது. அதன் பிறகு அவர் போன இடங்களில் சரிவுகளே அதிகம். சென்னை அழைத்தபோது அவர் பெயருக்கு ஐரோப்பாவில் பெரிய மதிப்பு இருக்கவில்லை.

சென்னையில் அவர் கண்டது, கோல் அடிக்கும் ஆட்கள் இருந்தும் அவர்களுக்குப் பந்து போய்ச் சேராத அணி. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்டே, தாபா எல்லோரும் அவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். காயில் அணியை முன்னோக்கி ஆடவிட்டார். நான்காம் இடத்தில் முடித்து, அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 4-1 என்று வீழ்த்தி, இறுதிப்போட்டிவரை போனார்கள். கொரோனா அச்சத்தில் பார்வையாளரே இல்லாமல் நடந்த அந்த இறுதியில் ஏடிகே 3-1 என்று வென்றது. வால்ஸ்கிஸ் 15 கோல். காயில் மீண்டும் கவனிக்கப்படும் பயிற்சியாளர் ஆனார். ஜாம்ஷெட்பூரை 2022-ல் லீக்கின் முதல் இடத்துக்குக் கொண்டுபோனார். 2023-ல் சென்னைக்கே திரும்பினார். அந்த இரண்டாம் வருகையில், 2024-25 பருவத்தை அணி 11-வது இடத்தில் முடித்தது. ஒரே ஊரில் ஒரே ஆளுக்கு இரண்டு விதமான முடிவு. முதல்முறை அணிக்குள் திறமை புதைந்து கிடந்தது. இரண்டாம்முறை அவ்வளவு இல்லை.

ஒப்பந்தத்துக்கு முன் செய்ய வேண்டியவற்றில் இரண்டைப் பெரும்பாலானோர் தவிர்த்துவிடுகிறார்கள். ஒன்று, முந்தைய பயிற்சியாளரோடு பேசுவது. கூச்சம் தடுக்கிறது, அவர் கசப்போடு பேசுவார் என்ற எண்ணம் தடுக்கிறது. கசப்பைக் கழித்துவிட்டுக் கேட்டால், கிளப்பில் உண்மையில் யார் சொல் எடுபடுகிறது என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை. இரண்டாவது, துணைப் பயிற்சியாளர்களின் நிலை. தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் அவருக்கு இழப்பீடு உண்டு. அவரை நம்பிக் குடும்பத்தோடு ஊர் மாறிய கோல் கீப்பர் பயிற்சியாளருக்கும் உடற்பயிற்சி நிபுணருக்கும் அதே பாதுகாப்பு எப்போதும் இருப்பதில்லை. பிள்ளைகளின் பள்ளியை நடுவில் மாற்றச் சொல்லி அழைத்து வருகிறவர், அவர்களுக்கான ஏற்பாட்டையும் தன் ஒப்பந்தப் பேச்சிலேயே வைக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், எந்த அளவுகோலுக்கும் அடங்காத ஒரு வேலை மிஞ்சுகிறது: இந்திய அணி. 2025 ஆகஸ்ட்டில் காலித் ஜமில் அதை ஏற்றார். உலகத் தரவரிசையில் இந்தியா 133. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசத்தோடு கோலில்லா டிரா, ஹாங்காங்கிடம் தோல்வி. முந்தைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் விலகியிருந்தார். ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைக்கும் அளவுக்கு முன்களத்தில் வறட்சி. கிளப்புகள் கோல் அடிக்கும் இடத்தை வெளிநாட்டு வீரர்களுக்கே கொடுப்பதால் வந்த வறட்சி அது. தேசியப் பயிற்சியாளர் அதன்மீது கைவைக்க முடியாது. லீக் எப்போது தொடங்கும் என்பதே அப்போது தெரியாது. வீரர்களை வாங்கவும் முடியாது, முகாம் நாட்களும் அவர் கையில் இல்லை. என் மூன்று கேள்விகளுக்கும் இங்கே வரும் பதில் சாதகமானதல்ல. அந்த வேலைக்கு வந்த விண்ணப்பங்களோ 170.

ஜமில் அடிமட்ட அணிகளிலேயே உருவானவர். மும்பை எஃப்சி-யை ஏழு ஆண்டுகள் சொற்பப் பணத்தில் ஐ-லீக்கில் நிறுத்தி வைத்தார். 2016-ல், தரமிறங்கி, பின்பு கோவா கிளப்புகள் விலகியதால் மட்டுமே மறுவாய்ப்புப் பெற்ற ஐசாலுக்குப் போனார். மும்பையில் தன்னோடு இருந்த அசுதோஷ் மேத்தா, ஜெயேஷ் ராணே போன்றவர்களை உடன் அழைத்துக்கொண்டு, தன் முதல் பருவத்திலேயே அந்த மலைநகரக் கிளப்பை இந்தியாவின் சாம்பியன் ஆக்கினார். அங்கே ஆள் தேர்வு அவர் கையில் இருந்தது. தேசிய அணியில் அது இல்லை. மத்திய ஆசிய நாடுகளின் கோப்பையில் ஓமனை வென்று மூன்றாம் இடம் என்ற நல்ல தொடக்கம். அக்டோபரில் சிங்கப்பூரோடு வெளியே 1-1, மட்காவில் 1-2 தோல்வி. 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1.

அவர் ஏற்றது தவறா? அவருடைய தனிப் பெயருக்கு நிச்சயம் நஷ்டம். அதற்கு முன் பயிற்றுவித்த ஜாம்ஷெட்பூரிலேயே இருந்திருந்தால் அந்தப் பெயர் பத்திரமாக இருந்திருக்கும். ஆனாலும் அவர் மறுத்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இந்தியரான சாவியோ மெடைராவுக்குப் பிறகு 13 ஆண்டுகளாக இந்த வேலை வெளிநாட்டவர் கையிலேயே இருந்தது. இந்தியக் கிளப்புகளில் யார் எந்த இடத்தில் ஆட முடியும் என்று அடிமட்டம்வரை அறிந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்வது இரண்டு தகுதி ஆட்டங்களைவிட நீண்ட கணக்கு. அதை அவருக்குக் கொடுத்தவர்கள்தான் அந்த நீளத்தையும் கொடுக்க வேண்டும். டாக்கா ஆட்டத்துக்கு முன்பே அவர், ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் குடிமகனான முன்கள வீரர் ரயன் வில்லியம்ஸை முகாமுக்கு அழைத்திருந்தார். அனுமதிக் கடிதம் உரிய நேரத்தில் வராததால் வில்லியம்ஸ் அந்த ஆட்டத்தில் இறங்க முடியவில்லை.